கழனி வீட்டுக்கு ஒரு காப்பறை: உயிரைக் காக்கும் இருபது நிமிடங்கள்

ஆரணியின் நெசவுத் தெருக்களில் வெயில் ஏறுவதற்குள் பாவு நீட்டி முடித்துவிடுவார்கள். தெரு நீளத்துக்கு இழைகள் கட்டியிருக்கும். இரண்டு பக்கத் திண்ணையிலும் ஆட்கள் இருப்பார்கள். அதன் பிறகு நாள் முழுக்கத் தறிச் சத்தம். புதிதாக ஓர் ஆள் தெருவுக்குள் வந்தால், அவர் எந்த வீட்டுக்குப் போகிறார் என்பது பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். பட்டு, ஜரிகை, முடித்த சேலை என்று விலை உயர்ந்த சரக்கு வீட்டுக்குள்ளேயே இருந்தும், பகல் முழுக்க வாசல் கதவு திறந்தே கிடக்கும். அந்தத் தெருவுக்குக் காவல் அக்கம்பக்கத்துக் கண்கள்தான்.

அந்தத் தெருவை விட்டு ஊருக்கு வெளியே, நெல் வயலை ஒட்டி வீடு கட்டிக்கொண்டு போகிற குடும்பங்கள் இப்போது உண்டு. அப்படிப்பட்ட வாசகர் ஒருவரின் கேள்வி இது. தேவிகாபுரம் சாலைப் பக்கம் நிலத்திலேயே வீடு கட்டி வருகிறார். ஒரு தறியும் அங்கேயே போடுகிறார். பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் இருக்கப்போவது அவரும் மனைவியும் மட்டும். கொள்ளையர் வந்தால் பூட்டிக்கொண்டு பத்திரமாக இருக்க ‘சேஃப் ரூம்’ ஒன்று கட்டலாமா, அதற்கு ஆகும் செலவுக்குப் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

பலன் உண்டு. ஆனால், அந்த அறை மட்டும் தனியாக வேலை செய்யாது. ஏன் என்று தெரிந்துகொள்ள, தமிழ்நாட்டில் நடந்த சம்பவங்களைப் பார்க்க வேண்டும்.

நடந்தவை சொல்வது என்ன?

2024 நவம்பர் இறுதியில், திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீடு. வயதான தந்தை, தாய், ஊரிலிருந்து வந்திருந்த மகன் என மூன்று பேரும் ஒரே இரவில் கொலை செய்யப்பட்டார்கள். அடுத்து, 2025 ஏப்ரல் இறுதியில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே விளக்கேத்தி பகுதியில், தோட்டத்து வீட்டில் தனியாக வசித்த வயதான தம்பதி கொல்லப்பட்டு நகை பறிபோனது. அந்தக் கொலை வெளியில் தெரியவே சில நாட்கள் ஆகிவிட்டன. 2025 மே மாதத்தில் இந்த இரண்டு சம்பவங்களிலும் தொடர்புடையவர்கள் என்று சிலரைக் காவல்துறை கைது செய்தது. தனித் தோட்டத்து வீடுகளைச் சுற்றி ரோந்தும் கூடுதலாக்கப்பட்டது.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பும் இப்படி ஒரு காலம் இருந்தது. 1990-களின் பிற்பாதியில் தொடங்கி, தேசிய நெடுஞ்சாலைகளை ஒட்டிய தனி வீடுகளை வடமாநிலக் கும்பல் ஒன்று குறிவைத்தது. லாரிகளில் வந்து, இரவில் கதவை உடைத்து, தூங்குபவர்களை இரும்புக் கம்பியால் தாக்கிவிட்டு நகையை எடுத்துக்கொண்டு போனார்கள். 2005 ஜனவரியில், திருவள்ளூர் மாவட்டம் பெரியபாளையம் அருகே தானாகுளத்தில், அன்றைய கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் அவருடைய வீட்டிலேயே கொல்லப்பட்டார். பிறகு ஐ.ஜி. எஸ்.ஆர்.ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை அந்தக் கும்பலைத் தேடிப் பிடித்தது. 2017-ல் வந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படத்துக்கு அடிப்படை இந்தப் புலன்விசாரணைதான்.

இந்தச் சம்பவங்களில் பொதுவாக இருப்பவை மூன்று. வீடு தனியாக இருந்தது. நேரம் நள்ளிரவு அல்லது அதிகாலை. நகையை எடுக்கத் தடையாக வீட்டில் இருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். ஆகவே, இங்கே முதல் கேள்வி நகையை எப்படிக் காப்பது என்பதல்ல. உதவி வந்து சேரும் வரை ஆட்கள் எப்படி உயிரோடு இருப்பது என்பதுதான்.

நிமிடக் கணக்கு

காவல் நிலையம் 8 கி.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவில் கிராமச் சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி வந்தாலே 12 நிமிடம். விழித்துக்கொண்டு, போனை எடுத்து, விவரம் சொல்ல 2, 3 நிமிடம். வண்டி கிளம்ப, கழனிப் பாதையைக் கண்டுபிடிக்க இன்னும் 5 நிமிடம். ஆக, 20 நிமிடம்.

அந்த 20 நிமிடத்தை வீடு தாங்க வேண்டும். வேலி, கேட், வாசல் கதவு, உள்ளறைக் கதவு என ஒவ்வொன்றும் சில நிமிடம் தாமதப்படுத்தினால்தான் கணக்கு சரியாக வரும். அவற்றில் கடைசித் தடைதான் காப்பறை. முதல் தடையிலேயே நாய் குரைத்து, விளக்கு எரிந்து, விழிப்பு வந்துவிட்டால் காப்பறைக்குப் போக நேரம் கிடைக்கும். ஆள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்த பிறகு விழித்தால், எவ்வளவு பலமான அறை இருந்தும் பயன் இல்லை.

வெளியிலிருந்து உள்ளே... வரிசையாக!

சுற்றுப்புறம்: வீட்டைச் சுற்றி 20 அடிக்குப் புதர், வைக்கோல் போர், சவுக்குக் கட்டு எதுவும் மறைவாக இருக்கக் கூடாது. ஏணி, கடப்பாரை, மண்வெட்டி, கோடாலி ஆகியவற்றை வெளியே போட்டு வைப்பது, உடைக்க வருபவருக்குக் கருவி கொடுப்பதுபோல. மோட்டார் கொட்டகையில் வைத்துப் பூட்டுங்கள்.

விளக்கு: ஆள் நடமாட்டத்தைக் கண்டு தானாக எரியும் சென்சார் விளக்குகளை நான்கு மூலையிலும், கைக்கு எட்டாத உயரத்தில் பொருத்துங்கள். சோலார் பேட்டரியில் எரிபவை நல்லது. ஏனென்றால், பல வீடுகளில் மீட்டர் பெட்டியும் ஃபியூஸ் கட்டையும் வெளிச்சுவரில் இருக்கின்றன. ஃபியூஸைப் பிடுங்கினால் வீடே இருட்டு. ‘கரன்ட் போச்சே’ என்று பார்க்க வெளியே வருபவரைத் தாக்குவது பழைய தந்திரம். நம் வீட்டில் மட்டும் மின்சாரம் போயிருக்கிறதா, தூரத்து வீடுகளிலும் போயிருக்கிறதா என்று ஜன்னல் வழியே பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாயும் பறவையும்: ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று இனம் தேடி வாங்க முடியாவிட்டால் நல்ல நாட்டு நாய் இரண்டு போதும். ஒன்றை வெளியே விட்டு, இன்னொன்றைக் கம்பிக் கதவுக்கு உள்ளே விடுங்கள். வெளியே உள்ள நாய்க்கு விஷம் வைத்தாலும் உள்ளே இருப்பது குரைக்கும். கின்னிக்கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரியும், புது ஆளோ பாம்போ தென்பட்டால் கூட்டமாகக் கத்தித் தீர்த்துவிடும். நாய் வழக்கத்துக்கு மாறாகக் குரைத்தாலும், குரைத்த நாய் திடீரென்று அடங்கினாலும் கவனம் தேவை. ஆனால், கதவைத் திறந்து போய்ப் பார்க்கக் கூடாது. உள்ளிருந்தே வெளி விளக்குகளைப் போட்டுப் பாருங்கள்.

கதவும் நிலையும்: பெரும்பாலான கதவுகள் உடைவதில்லை, நிலையும் தாழ்ப்பாளும்தான் பிய்த்துக்கொண்டு வருகின்றன. அரை அங்குல ஆணியில் நிற்கும் தாழ்ப்பாள், ஆறேழு உதையில் போய்விடும். தாழ்ப்பாள், கீல் இரண்டுக்கும் நிலைக்குள் ஆழமாக இறங்கும் 3 அங்குல ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். நிலையைச் சுவரோடு பிணைக்கும் ஹோல்ட்ஃபாஸ்டைச் செங்கல் இடுக்கில் சாந்து வைத்து மூடாமல், கான்கிரீட் போட்டு இறுக்க வேண்டும். பழைய வீடுகளில் கதவுக்குப் பின்னால் சுவருக்குச் சுவர் ஒரு குறுக்குக் கட்டை போடுவார்களே, அதற்கு இணையான தாழ்ப்பாள் இன்றும் இல்லை. அதையே இரும்புச் சட்டமாகச் செய்துகொள்ளலாம்.

கொல்லைக் கதவு: வாசலுக்குத் தேக்கு, பின்பக்கத்துக்குத் தகரம் என்று வைக்கும் வழக்கத்தை விடுங்கள். வருபவர் பார்ப்பது பின்பக்கத்தைத்தான்.

கூரையும் முற்றமும்: ஆரணி தெருக்களில் உள்ள பழைய நெசவாளர் வீடுகளுக்கு இது முக்கியம். ஒன்றோடொன்று ஒட்டிய ஓட்டு வீடுகளில், பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தால் அதன் கூரை வழியாகவே வரலாம். நாட்டு ஓட்டைச் சத்தமில்லாமல் விலக்கிவிட முடியும். முற்றத்துக்கு மேலே கம்பி கிரில் போடுவதும், ஓட்டுக்குக் கீழே படுக்கை அறையில் மட்டுமாவது கம்பி வலை அடிப்பதும் அவசியம்.

காப்பறை எப்படி இருக்க வேண்டும்?

கடைசித் தடைக்கு வருவோம். இது நமக்குப் புதிய விஷயம் அல்ல. ஜன்னல் இல்லாத உள்ளறை ஒன்றில் நெற்குதிரும் நகைப்பெட்டியும் வைத்து, அதற்கு மட்டும் தனிப் பூட்டுப் போட்ட வீடுகள் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தன. அந்த அறை பொருளுக்கு. இப்போது வேண்டியது ஆட்களுக்கு. வெளிநாடுகளிலும் இப்படி உண்டு. இஸ்ரேலில் 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு புதிதாகக் கட்டும் வீடுகளில் கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்ட ஓர் அறை கட்டாயமாக்கப்பட்டது. அது ஏவுகணைத் தாக்குதலுக்காக. இங்கே அவ்வளவு தேவையில்லை.

தனியாக ஓர் அறை கட்டவும் வேண்டாம். தூங்கும் அறையையே காப்பறை ஆக்குவதுதான் சிறந்தது. இருட்டில், பயத்தில், முட்டி வலியோடு வேறு அறைக்கு ஓட வேண்டிய அவசியம் இருக்காது. கழிப்பறை சேர்ந்த படுக்கை அறையாக இருந்தால் இன்னும் நல்லது. வீடு கட்டும்போதே திட்டமிட்டால் கூடுதல் செலவு கதவுக்கும் ஜன்னலுக்கும் மட்டும்தான்.

* சுவர்: நான்கரை அங்குலத் தடுப்புச் சுவர் போதாது. நான்கு பக்கமும் 9 அங்குலச் செங்கல் சுவர். மேலே கான்கிரீட் தளம். சிமென்ட் ஷீட்டோ ஓடோ இருக்கக் கூடாது.

* கதவு: உள்ளே பொள்ளலான ஃப்ளஷ் டோர் வேண்டாம். முழு மரக்கதவு அல்லது இரும்புச் சட்டத்தில் தகடு அடித்த கதவு. அறையிலிருந்து வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவை உதைத்தால் அது நிலையோடு அழுந்தும்; உடைப்பது கடினம். அப்படி வைத்தால் கீல் வெளியே தெரியும் என்பதால், கீல் ஊசியைக் கழற்ற முடியாதபடி பற்றவைக்கச் சொல்லுங்கள். உள்பக்கமாகத் திறக்கும் கதவு என்றால் குறுக்குச் சட்டம் கட்டாயம்.

* தாழ்ப்பாள்: மேல் தாழ்ப்பாள் மட்டும் வைக்காதீர்கள். கை தூக்க முடியாதவர்களுக்கும் எட்டும்படி இடுப்பு உயரத்தில் ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று. சாவி தேடும் பூட்டாக இல்லாமல் ஒரே தள்ளலில் விழுவதாக இருக்கட்டும்.

* ஜன்னல்: உள்ளே கை விட முடியாத அளவுக்கு நெருக்கமான கம்பி. ஆனால், ஒரு ஜன்னல் கிரில் மட்டும் உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். தீப்பிடித்தால் வெளியேற அதுதான் வழி. அதன் சாவி, வெளியிலிருந்து எட்டாத தூரத்தில், ஆனால் இருட்டிலும் கைக்குத் தெரியும் ஓர் ஆணியில் தொங்கட்டும்.

* காற்று: கூரையை ஒட்டிக் கம்பி வலை போட்ட காற்றுப் போக்கி இரண்டு.

* உள்ளே வைக்க வேண்டியவை: எப்போதும் சார்ஜ் ஏற்றிய சாதாரண பட்டன் போன் ஒன்று, டார்ச், குடிநீர், அன்றாட மாத்திரைகள், விசில், கண்ணாடி. சுவரில் பெரிய எழுத்தில் போன் எண்களும், வீட்டுக்கு வரும் வழியும்.

* உள்ளே வைக்கக் கூடாதவை: பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பெட்ரோல், டீசல், கேஸ் சிலிண்டர். பத்திரமான அறை என்று மருந்து டப்பாக்களை அங்கே அடுக்கும் பழக்கம் விவசாயிகள் வீட்டில் உண்டு. கதவை அடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இருக்க நேர்ந்தால் அதுவே ஆபத்து.

கட்டி முடித்ததும் முதலில் பார்க்க வேண்டியது, கதவை மூடிய பிறகு உள்ளே செல்போன் சிக்னல் கிடைக்கிறதா என்பது. தடித்த சுவருக்குள் சில நிறுவனங்களின் சிக்னல் வராது. எது கிடைக்கிறதோ அந்த சிம்மைப் பட்டன் போனில் போடுங்கள். மாதம் ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு, படுக்கையிலிருந்து எழுந்து தாழ்ப்பாள் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அரை நிமிடத்துக்கு மேல் ஆனால், எங்கேயோ மாற்றம் வேண்டும்.

சைரனும் நான்கு வீடும்

மாடியில் ஒரு சைரன். பேட்டரியில் ஓடக்கூடியது. ஸ்விட்ச் கட்டில் தலைமாட்டில். இதற்கு ஆகும் செலவு கேமராவைவிடக் குறைவு; பலனோ அதிகம். அருகில் உள்ள நான்கைந்து பம்புசெட் வீடுகள், களத்து வீடுகளோடு பேசி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சைரன் கேட்டால் ஒருவர் 112-க்குக் கூப்பிட வேண்டும். எல்லோரும் தத்தம் வீட்டு விளக்கைப் போட வேண்டும். யாரும் தனியாக ஓடி வரக் கூடாது. நான்கு பேர் சேர்ந்த பிறகு சத்தம் போட்டுக்கொண்டே வர வேண்டும்.

அவசரத்துக்கு 112 அல்லது 100. தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியில் சிவப்புப் பொத்தானை அழுத்தியும் உதவி கேட்கலாம். இணையம் சரியாக வராத இடத்தில் நேரடி அழைப்பே நம்பகமானது. கழனி வீட்டுக்குக் கதவு எண், தெருப் பெயர் இருக்காது. அதனால் எந்தச் சாலை, எந்த ஊர் தாண்டி, எந்தக் கோயில் அல்லது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும் என்பதை மூன்று வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டுக்கு வழி சொல்லவும் நாக்கு வராது. உங்கள் நிலம் எந்தக் காவல் நிலைய எல்லை என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆரணியில் நகரக் காவல் நிலையம் வேறு, தாலுகா காவல் நிலையம் வேறு. ஒருமுறை நேரில் போய், தனி வீட்டில் வயதானவர்கள் இருக்கிறோம் என்று சொல்லி வந்தால் ரோந்து வருபவர்களுக்கு வீடு தெரிந்திருக்கும்.

இன்னொன்றுக்குச் செலவே இல்லை. தினமும் காலையும் இரவும் குறிப்பிட்ட நேரத்தில் பிள்ளைகளோடு ஒரு போன். அழைப்பை எடுக்காவிட்டால் அரை மணி நேரத்துக்குள் பக்கத்து வீட்டுக்காரர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. சிவகிரியில் நடந்ததுபோல நாட்கள் கடக்கக் கூடாது.

பட்டும் நகையும் எங்கே?

வீட்டில் அதிகம் இல்லை என்பது ஊருக்குத் தெரிந்தாலே பாதி ஆபத்து குறையும். நகையில் அன்றாடம் போடுவது தவிர மற்றதை வங்கி லாக்கருக்கு மாற்றுங்கள். நெல் விற்ற பணத்தை முடிந்தவரை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். ரொக்கமாக வாங்கினால் அன்றே கட்டிவிடுங்கள்.

தறி போடுபவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. கூட்டுறவுச் சங்கத்திலோ முதலாளியிடமோ எடை போட்டு வாங்கிய பட்டுக்கும் ஜரிகைக்கும் கணக்குச் சொல்ல வேண்டியவர் நெசவாளர்தான். திருடு போனால் அது அவர் தலையில் விழும் கடன். ஆகவே, ஒரு சேலைக்கு வேண்டிய ஜரிகையை மட்டும் வீட்டில் வைத்து, மீதியைப் பிறகு வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடித்த சேலையை வாரக்கணக்கில் வைக்காமல் உடனே ஒப்படையுங்கள். வாங்கியது, கொடுத்தது இரண்டையும் நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவையுங்கள்.

பழைய பட்டுச்சேலை, ஜரிகை வாங்குகிறோம் என்று வருபவர்கள் பெரும்பாலும் பிழைப்புக்காக வருபவர்களே. இருந்தாலும், வியாபாரம் வாசலோடு இருக்கட்டும். உள்ளே எத்தனை பேர், எந்த அறையில் பீரோ என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்து, ஒருநாள் ஆள் உள்ளே வந்தேவிட்டால்? பீரோ சாவியைப் பற்றி நினைக்கவே கூடாது. காப்பறைக்குள் தாழ்ப்பாள் போட்டு, சைரனை அழுத்தி, போன் செய்துவிட்டு, கதவுக்கு நேராக நிற்காமல் சுவரோரம் உட்கார்ந்துவிடுங்கள். ‘போலீஸ் வந்துட்டிருக்கு’ என்று உரக்கச் சொல்லலாம். வெளியே சத்தம் அடங்கினாலும், தெரிந்த குரல் கேட்கும் வரை திறக்கக் கூடாது. நகையையும் பணத்தையும் அந்த அறைக்குள் வைக்க வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். அவர்கள் தேடி வந்த பொருள் உள்ளே இருந்தால், அந்தக் கதவை உடைக்காமல் போக மாட்டார்கள்.

இதையொட்டி எழும் கேள்விகள்

*கேள்வி: வேலியில் மின்சாரம் விட்டால் என்ன?*

கூடவே கூடாது. மின்கம்பியிலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ நேராக வேலிக்கு மின்சாரம் கொடுப்பது குற்றம். அதில் சாவது பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர், கூலியாள், மாடு, சில சமயம் வீட்டு ஆளே. உயிர் போனால் சிறை. விட்டுவிட்டுத் துடிக்கும் சோலார் மின்வேலி வேறு வகை. அதற்கும் தமிழக அரசு 2023-ல் தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. போடுமுன் அவற்றைக் கேட்டறியுங்கள்.

*கேள்வி: தற்காப்புக்காக அடித்தால் நம் மீது வழக்கு வருமா?*

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. உயிரையும் உடைமையையும் காக்கும் உரிமை உண்டு. சூரியன் மறைந்து மீண்டும் உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைபவருக்கு எதிராக அந்த உரிமை இன்னும் விரிவானது. ஆனால், காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தாக்கக் கூடாது. பிடிபட்டவரைக் கட்டிவைத்து அடிப்பது தற்காப்பு ஆகாது.

*கேள்வி: கேமரா போதாதா?*

கேமரா கண்டுபிடிக்க உதவும், தடுக்காது. போடுவதென்றால், பதிவுப் பெட்டியைக் கூடத்தில் வைக்காமல் காப்பறைக்குள் வையுங்கள். கூடத்தில் இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

*கேள்வி: லாக்கரில் வைத்தது போனால் வங்கி முழுதும் தருமா?*

தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு, லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல 100 மடங்கு வரைதான். ஆண்டு வாடகை 2,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 2 லட்சம். இருந்தாலும், லாக்கரைத் தேடி யாரும் இரவில் உங்கள் வீட்டுக் கதவை உடைக்க மாட்டார்கள்.

ஆரணி வாசகருக்குச் செலவு வரிசை இது. முதலில் சைரன், சோலார் விளக்கு. அடுத்து கதவு நிலைகளும் தாழ்ப்பாளும். மூன்றாவதாகப் படுக்கை அறையைக் காப்பறையாக்குவது. கேமரா கடைசியில். வீடு இன்னும் பூச்சு வேலைக்கு வரவில்லை என்றால், நிலைகளுக்குக் கான்கிரீட் போட இதுதான் சமயம். நாளைக்கே மேஸ்திரியிடம் பேசிவிடுங்கள்.